பனி உருகும் கடலில் விளைச்சலை எப்படி அளக்கிறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். பேச்சு நடை அப்படியே இருக்கு.)

இன்னைக்கு ஒரு எண்ணில் இருந்து ஆரம்பிக்கலாம். 57.

1998-க்கும் 2018-க்கும் இடையில் ஆர்க்டிக் கடலின் தாவர உற்பத்தி 57 சதவீதம் கூடியிருக்குன்னு 2020-ல் சயின்ஸ் இதழில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினாங்க. பனி குறையுது, கடல் திறக்குது, வெயில் படுது, பச்சை கூடுது. கேட்டவுடனே புரியிற கதை.

ஆனா நான் கோடு எழுதுற ஆள். டாஷ்போர்டில் ஒரு எண் தெரிஞ்சா, அதுக்குப் பின்னாடி எந்த டேபிள், எந்த சென்சார், எந்த அனுமானம்னு கேட்காம விட மனசு வராது. கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செடி. அதுவும் பனிக்கட்டி மூடின கடலில். அது "இந்த வருஷம் இவ்வளவு விளைஞ்சுது"ன்னு யார் போய் அளந்தாங்க? எதை வச்சு?

இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான். நடுவில் சென்னை பள்ளிக்கரணைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம், ஏன்னு அப்போ சொல்றேன்.

வசந்தத்தில் கடலில் என்ன நடக்குது?

கடலில் மிதக்கிற நுண்ணிய தாவர உயிரிகளுக்கு பைட்டோபிளாங்டன்னு பேர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தாவர மிதவை உயிரின்னு படிச்சிருப்பீங்க. உலகத்தில் ஒளிச்சேர்க்கை மூலமா சேர்கிற கார்பனில் கிட்டத்தட்ட பாதி இதுங்க கணக்கு. எடுத்துப் பார்த்தா, எல்லாக் கடலும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு சுமார் 5,000 கோடி டன் கார்பன்.

துருவத்துப் பக்கம் இந்த வேலை வருஷம் முழுக்க சீரா நடக்காது. குளிர்காலத்தில் சூரியனே கிடையாது. அந்த நேரத்தில் காற்றும் குளிரும் கடலை மேலும் கீழுமா கலக்கிடும். அடியில் இருக்கிற நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் மாதிரி உரச்சத்து எல்லாம் மேலே வந்து சேரும். அதாவது குளிர்காலம் முடியும்போது வயலில் உரம் போட்டு வச்சாச்சு, வெளிச்சம் மட்டும் இல்லை.

வசந்தத்தில் ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்குது. சூரியன் வருது. பனி உருகுது. கடல் பனியில் உப்பு கம்மி, அதனால் உருகி வர்ற தண்ணி லேசா இருக்கும். குழம்பு மேல எண்ணெய் நிக்கிற மாதிரி அது மேலே ஒரு அடுக்கா நிக்கும். அந்த மெல்லிய அடுக்குக்குள்ள மாட்டிக்கிட்ட பிளாங்டன், ஆழத்துக்கு இழுத்துட்டுப் போகப்படாம வெளிச்சத்திலேயே இருக்கும். உரம் இருக்கு, வெளிச்சம் இருக்கு. சில வாரத்தில் கடல் பச்சையாகிடும். இதைத்தான் வசந்தப் பெருக்கம், ப்ளூம்னு சொல்றாங்க. பனி பின்வாங்கப் பின்வாங்க, அதன் விளிம்பை ஒட்டியே இந்தப் பச்சைப் பட்டையும் நகரும்.

இதுக்கு முதல் கணித விளக்கம் கொடுத்தவர் நார்வே கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ருப், 1953-ல். கடல் கலக்கப்படுற ஆழம் ஒரு எல்லையைத் தாண்டினா, பிளாங்டனுக்கு வரவை விடச் செலவு அதிகம், பெருக்கம் வராது. கலக்கம் அந்த எல்லைக்கு மேலே ஏறினா வரும். 2010-ல் மைக்கேல் பெரன்ஃபெல்ட் இதை மறுத்தார். பெருக்கத்தின் விதை நடுக் குளிர்காலத்திலேயே விழுந்திடுது, தண்ணி ஆழமா கலக்கும்போது பிளாங்டனும் அதைத் தின்கிற உயிரியும் விலகிப் போறதுதான் காரணம்னார். விவாதம் இன்னும் ஓடுது. ஓடுறதுக்கு முக்கியக் காரணமே அளவீடுதான். குளிர்காலத்தில், பனிக்கு அடியில், தரவு கம்மி.

கடையில் இருக்கிற புடவை, தறியில் ஓடுற புடவை

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாப் பிடிச்சுக்கணும். அதுக்கு எங்க ஊர் உதாரணம்தான் கரெக்டா இருக்கும். நம்ம ஊர் சேத்துப்பட்டு. சென்னையில் ரயில் நிக்கிற சேத்துப்பட்டு இல்லை, ஆரணி பக்கத்துச் சேத்துப்பட்டு. பட்டு நெய்யுற வட்டாரம்.

ஒரு பட்டுக் கடைக்குள்ள போறீங்க. அலமாரியில் 40 புடவை இருக்கு. அதைப் பார்த்து, இந்த ஊரில் ஒரு வாரத்துக்கு எத்தனை புடவை நெய்யுறாங்கன்னு சொல்ல முடியுமா? முடியாது. 40 புடவை ஆறு மாசமா விக்காம கிடக்கிறதா இருக்கலாம். அல்லது தினம் வந்து தினம் போற சரக்கில் இன்னைக்கு மிச்சம் அவ்வளவா இருக்கலாம். அலமாரி காலியா இருந்தாலும், ஊரில் தறி ஓடலைன்னு அர்த்தம் இல்லை. விற்பனை வேகமா இருக்கலாம்.

கடலிலும் இதே. தண்ணியில் இப்போ எவ்வளவு பிளாங்டன் இருக்குங்கிறது இருப்பு. ஒரு நாளைக்கு எவ்வளவு புதுசா உருவாகுதுங்கிறது உற்பத்தி. நாம அளக்க நினைக்கிறது ரெண்டாவது. சுலபமா அளக்க முடியிறது முதலாவது. இந்தத் துறையின் பாதித் தலைவலி இந்த ஒரு வரிதான்.

உற்பத்தியிலும் ரெண்டு இருக்கு. ஒளிச்சேர்க்கையில் சேர்ந்த மொத்தக் கார்பன், மொத்த உற்பத்தி. அதே செடி மூச்சுவிட்டுச் செலவழிச்சது போக மிச்சம், நிகர உற்பத்தி. நெசவாளி வாங்கின கூலிக்கும், வீட்டுச் செலவு போகக் கையில் நிக்கிற காசுக்கும் உள்ள வித்தியாசம். மீனுக்கும் திமிங்கலத்துக்கும் போய்ச் சேர்றது இந்த மிச்சம்தான்.

இருப்பைப் பார்த்து உற்பத்தியை முடிவு பண்ணினா என்ன ஆகும்? இந்தியாவே பங்கெடுத்த ஒரு சோதனை நல்ல பாடம். 2009 ஜனவரி முதல் மார்ச் வரை, கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து, போலார்ஷ்டெர்ன் கப்பலில் தென் பெருங்கடலுக்குப் போனாங்க. சோதனையின் பேர் லோஹாஃபெக்ஸ். லோஹான்னா இந்தியில் இரும்பு. தென் பெருங்கடலில் நைட்ரேட் நிறைய, இரும்புச் சத்துதான் பஞ்சம். அதனால் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைச்சுவிட்டுப் பார்த்தாங்க. முதல் ரெண்டு வாரத்தில் பிளாங்டன் சுமார் ரெண்டு மடங்காச்சு. அப்புறம் ஏறவே இல்லை. தறி நின்னு போச்சா? இல்லை. கோபிபாட்னு சொல்ற, இறாலுக்குத் தூரத்து உறவான அரிசி சைஸ் உயிரி வந்து, விளைய விளையத் தின்னுக்கிட்டே இருந்துது. சிலிக்கேட் கம்மியா இருந்ததால், கண்ணாடி ஓடு போட்டுக்கிட்டுத் தப்பிக்கிற டயட்டம் வகையும் வளர முடியலை. கார்பன் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம்தான். கடலில் இரும்பைக் கொட்டிப் புவி வெப்பத்தைக் குறைச்சுடலாம்னு கணக்குப் போட்டவங்களுக்கு அது பெரிய பிரேக்.

பாட்டில் கணக்கு

சரி, வேகத்தை நேரடியா எப்படி அளக்கிறது? ரொம்பப் பழைய வழி, ரெண்டு பாட்டில். 1927-ல் நார்வேயில் கார்டர், கிரான்னு ரெண்டு பேர் ஆஸ்லோ ஃபியோர்டில் பண்ணினதா பதிவாகியிருக்கு.

ஒரே இடத்துக் கடல் தண்ணியை ரெண்டு பாட்டிலில் பிடிக்கணும். ஒண்ணு தெளிந்த கண்ணாடி, இன்னொண்ணு வெளிச்சமே புகாதபடி மூடினது. ரெண்டையும் கயிற்றில் கட்டி, எடுத்த ஆழத்திலேயே தொங்கவிடணும். ஒரு நாள் கழிச்சு எடுத்து ஆக்ஸிஜனை அளக்கணும். வெளிச்சப் பாட்டிலில் ஆக்ஸிஜன் கூடியிருந்தா அது நிகர உற்பத்தி. இருட்டுப் பாட்டிலில் குறைஞ்சது சுவாசச் செலவு. ரெண்டையும் கூட்டினா மொத்த உற்பத்தி. அவ்வளவுதான். இந்த லாஜிக்கை இன்னும் யாரும் தோற்கடிக்கலை.

ஆனா உற்பத்தி கம்மியா இருக்கிற தண்ணியில் ஆக்ஸிஜன் மாற்றம் தெரியவே தெரியாது. 1952-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீமன் நீல்சன் வேற வழி சொன்னார். கார்பன்-14 சேர்த்த பைகார்பனேட்டைக் கொஞ்சமா பாட்டிலில் விடணும். செடி சாதாரணக் கார்பனை எடுக்கும்போது இதையும் கூடவே எடுக்கும். சில மணி நேரம் கழிச்சு வடிகட்டி, வடிதாளில் கதிர்வீச்சு எவ்வளவுன்னு எண்ணினா, எவ்வளவு கார்பன் உள்ளே போச்சுன்னு தெரியும். ரொம்ப நுணுக்கமான முறை. 70 வருஷமா இதுதான் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோல்.

நம்ம நாட்டில் இந்த வேலைக்கு ஒரு அழகான தொடர்பு இருக்கு. 1982 ஜனவரி 9-ல் அண்டார்டிகாவில் கால் வைத்த முதல் இந்தியக் குழுவில் 21 பேர். தலைமை, சையத் ஸஹூர் காசிம். அவர் மலையேறி கிடையாது, ராணுவமும் கிடையாது. 1960-களில் கொச்சிக் காயலில் பிளாங்டன் உற்பத்தியை அளந்துக்கிட்டு இருந்த கடல் உயிரியலாளர்.

பாட்டில் முறையில் குறை என்ன? முதலாவது, பாட்டிலுக்குள்ள மாட்டிக்கிட்ட கடல், கடல் இல்லை. அலை இல்லை, கலக்கம் இல்லை, தின்கிற உயிரி உள்ளே வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். ரெண்டாவது, ஒரு இடம், ஒரு நாள். பனி விளிம்புப் பெருக்கம் ஒவ்வொரு நாளும் நகர்றது. கப்பல் போய்ச் சேர்ந்த அன்னைக்கு உச்சமா, முடிவா, தெரியாது. கல்யாண வீட்டுக்கு ஒரே ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு, மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு சொல்ற கதை.

குடோன் கணக்கு

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை. தறிப் பக்கமே போகாதீங்க. குடோனுக்குப் போங்க. சீசன் ஆரம்பத்தில் எவ்வளவு பட்டு நூல் இருந்துது, இப்போ எவ்வளவு இருக்கு? ஒரு புடவைக்கு எவ்வளவு நூல் ஆகும்னு தெரிஞ்சா, நெய்தது எத்தனைன்னு வகுத்துப் பார்த்துடலாம். யார் வாங்கினாங்க, கடையில் எத்தனை மிச்சம், எதுவும் தெரிய வேண்டாம்.

கடலில் நூல்தான் நைட்ரேட். ஒரு புடவைக்கு எவ்வளவு நூல்ங்கிற கணக்கைக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு. உலகக் கடல்களில் பிளாங்டனில் சராசரியா 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். அதாவது ஒரு நைட்ரஜனுக்கு சுமார் 6.6 கார்பன்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். குளிர்கால முடிவில் ஒரு கன மீட்டர் தண்ணியில் 10 மில்லிமோல் நைட்ரேட் இருக்குன்னு வைங்க. பெருக்கம் முடிஞ்சப்போ மேல் 30 மீட்டரில் பூஜ்யம். அப்போ ஒரு சதுர மீட்டர் கடலுக்குக் கீழே 300 மில்லிமோல் காலி. 6.6-ஆல் பெருக்கினா சுமார் 2,000 மில்லிமோல் கார்பன், அதாவது 2 மோல். ஒரு மோல் கார்பன் 12 கிராம். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு 24 கிராம் கார்பன். இது 30 நாளில் நடந்துதுன்னா ஒரு நாளைக்கு 0.8 கிராம். ஒரு சட்டைப் பையில் அடங்கிற கணக்கு.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. கடலின் மேல் அடுக்கிலேயே தின்று, கழிந்து, திரும்ப உரமாகிற சுழற்சி ஒண்ணு எப்பவும் ஓடும். ஊருக்குள்ளேயே கை மாறுற காசு மாதிரி. ஆழத்திலிருந்து வர்ற நைட்ரேட், வெளியூர் ஆர்டர் மாதிரி. ஊர் வளர்றது வெளியூர் ஆர்டரால்தான். ஆழத்துக்கு நிரந்தரமா இறங்கக்கூடிய கார்பனும், பெரிய மீன்களுக்குப் போகக்கூடிய தீனியும் இந்தப் புது உற்பத்தியோட அளவில்தான் இருக்கும். 1967-ல் டக்டேல், கோரிங் ரெண்டு பேரும் இந்தப் பிரிவினையை முன்வச்சாங்க.

எல்லாம் சரி, ஆனா பனி உருகுற இடத்தில் ஒரு பொறி இருக்கு. உருகின தண்ணியில் நைட்ரேட் ரொம்பக் கம்மி. அது வந்து கலந்தாலே நைட்ரேட் அளவு இறங்கும். ஒரு செடியும் வளராமலே! மேல் தண்ணியில் பத்தில் ஒரு பங்கு உருகின பனின்னா, நைட்ரேட்டும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைஞ்ச மாதிரி தெரியும். பாலில் தண்ணி ஊத்தினா கொழுப்பு கம்மியாத் தெரியிற மாதிரி.

இதைப் பிடிக்கிற வழி, உப்பு. கடல் தண்ணியில் கிலோவுக்கு 34 கிராம் உப்புன்னா, கடல் பனியில் 5 கிராம் அளவில் இருக்கும். பத்தில் ஒரு பங்கு கலந்தா உப்பு சுமார் 31-க்கு இறங்கும். உப்பு அளவைப் பார்த்து எவ்வளவு தண்ணி கலந்துதுன்னு கண்டுபிடிச்சு, அதைக் கழிச்ச பிறகு மிச்சம் குறைஞ்ச நைட்ரேட்தான் உண்மையான விளைச்சல். அதனால் உயிரியல் கேள்விக்குப் பதில் வேணும்னா முதலில் உப்பையும் வெப்பநிலையையும் ஒழுங்கா அளக்கணும், வருஷம் முழுக்க.

பள்ளிக்கரணையில் இருந்து 79 டிகிரி வடக்குக்கு

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் போறவங்க, பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் போர்டைப் பார்த்திருப்பீங்க. ஆங்கிலச் சுருக்கம், என்.ஐ.ஓ.டி. 1993-ல் ஆரம்பிச்சது. வங்காள விரிகுடாவில் மிதவைகளை நிறுத்தித் தரவு எடுக்கிறதில் கை தேர்ந்த இடம்.

இவங்களும் கோவாவில் இருக்கிற தேசியத் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து 2014 ஜூலையில் இண்ட்ஆர்க்னு ஒரு கருவித் தொடரைக் கடலில் இறக்கினாங்க. இடம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் கோங்ஸ்ஃபியோர்டன். வட துருவத்தில் இருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். கரையில் நீ-ஓலசுன்ங்கிற ஊரில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலையில் இருந்து இருக்கு.

வடிவம் ரொம்ப எளிமை. அடியில் கனமான நங்கூரம். அதில் இருந்து மேல் நோக்கி ஒரு வடம். வடத்தை நிமிர்த்திப் பிடிக்க மிதவை. நடுவில் வெவ்வேறு ஆழத்தில் சென்சார்கள். வெப்பநிலை, உப்பு, நீரோட்டம் எல்லாம் அளக்கும். ஆழம் 192 மீட்டர். குளிர்காலத்தில், கும்மிருட்டிலும் அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். அப்புறம் அதை மீட்டு, தரவை இறக்கி, பராமரிச்சு, திரும்ப இறக்குறாங்க.

ஏன் இந்த ஃபியோர்டு? அங்கே ஒரு பக்கம் பனியாறுகள் உருகி நன்னீர் வருது. இன்னொரு பக்கம் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான உப்புத் தண்ணி உள்ளே நுழையுது. 2006-க்குப் பிறகு குளிர்காலக் கடல் பனி அங்கே ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் மறையவே மறையாது. மற்ற இடங்களில் இனிமே நடக்கப் போறது அங்கே ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்கு. பெருக்கம் எந்த வாரம் வருது, டயட்டம் வருதா, வேற இனம் வருதாங்கிறது, அந்தக் குளிர்காலத்தில் எந்தத் தண்ணி எப்போ உள்ளே வந்துதுங்கிறதோட பின்னிக் கிடக்கு. வசந்தத்தில் நடக்கிறதுக்குக் காரணம் குளிர்காலத்தில் இருக்கு. அதை இடைவிடாமப் பதிவு பண்ண ஆளால் முடியாது, கருவிதான் வேணும்.

மேலே இருந்து பார்த்தா

இப்போ 57 சதவீதத்துக்குத் திரும்ப வருவோம். அந்த எண் பாட்டிலில் இருந்து வந்தது இல்லை. செயற்கைக்கோளில் இருந்து வந்தது.

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பையும் விழுங்கும், பச்சையைத் திருப்பி அனுப்பும். அதனால் கடலில் இருந்து வர்ற ஒளியில் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தா பச்சையம் எவ்வளவுன்னு கணிக்கலாம். 1978-ல் நிம்பஸ்-7-ல் முதல் கருவி போச்சு. இஸ்ரோ 1999-ல் ஓஷன்சாட்-1, 2009-ல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பர் 26-ல் ஓஷன்சாட்-3 வரிசையில் இ.ஓ.எஸ்-06 அனுப்பிச்சு. ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் நம்ம மீனவர்களுக்கு, "இந்தப் பக்கம் மீன் இருக்க வாய்ப்பு"ன்னு தகவல் சொல்றது, பச்சையத்தையும் கடல் வெப்பநிலையையும் பார்த்துத்தான்.

ஆனா செயற்கைக்கோள் பார்க்கிறது இருப்பைத்தான், அலமாரியை. அதோட வெளிச்சம், வெப்பநிலை, பகல் நீளம் எல்லாம் சேர்த்து ஒரு மாடலில் போட்டுத்தான் உற்பத்தி வெளியே வருது. துருவத்தில் அந்த மாடல் தடுமாற நாலு காரணம் இருக்கு.

ஒண்ணு, செயற்கைக்கோளுக்கு வந்து சேர்ற ஒளியில் 90 சதவீதம் வரை காற்று மண்டலத்தில் இருந்து வர்றது. கடலோட பங்கு கொஞ்சம்தான். சூரியன் தாழ்வா இருக்கிற துருவத்தில் அதைப் பிரிக்கிறது இன்னும் கஷ்டம். மேகம் வேற. பக்கத்தில் பளிச்சுனு பனி இருந்தா அதன் வெளிச்சமும் கலந்திடும்.

ரெண்டு, இருட்டில் வளர்ற செடி, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க உடம்பில் பச்சையத்தைக் கூட்டிக்கும். அதே கார்பன், ஆனா கூடுதல் பச்சை. பச்சை ரெண்டு மடங்குன்னா விளைச்சல் ரெண்டு மடங்குன்னு அர்த்தம் இல்லை.

மூணு, மேல் அடுக்கில் நைட்ரேட் தீர்ந்ததும், பெருக்கம் 20, 30 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிடும். அங்கே உரமும் இருக்கு, மங்கலா வெளிச்சமும் இருக்கு. மேலே இருந்து பார்த்தா கடல் நீலம். கடை காலி, பின் தெருவில் தறி ஓடுது.

நாலு, பனிக்கு அடியில் எதுவுமே தெரியாது.

பனிக்கு அடியில்

இந்த நாலாவதுதான் பெரிய அதிர்ச்சி கொடுத்தது. பனிக்கு அடியில் வெளிச்சம் போகாது, அதனால் உற்பத்தி கிட்டத்தட்ட இல்லைன்னு வச்சுக்கலாம்னு ரொம்ப நாள் கணக்குப் போட்டாங்க. 2011 கோடையில் ஹீலிங்கிற அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல் சுக்சி கடலில் பனிக்குள்ள புகுந்து போனப்போ, 0.8 முதல் 1.3 மீட்டர் தடிமன் உள்ள பனிக்கு அடியில் பிரம்மாண்டமான பெருக்கம். விளிம்பில் இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வரை. கெவின் அரிகோ குழு 2012-ல் இதை வெளியிட்டாங்க.

எப்படி வெளிச்சம் போச்சு? பனிக்கட்டியை விட, அதன் மேல் படியிற வெண்பனிதான் பெரிய திரை. கோடையில் அது உருகி, பனிக்கட்டி மேல குட்டிக் குட்டிக் குளமா நிக்கும். ஒவ்வொரு குளமும் கூரையில் பதிச்ச கண்ணாடி ஓடு மாதிரி. பனி மெலிஞ்சதால் இந்த ஜன்னல்கள் கூடியிருக்கு.

அங்கே எப்படி அளக்கிறது? பனியில் துளை போட்டுப் பாட்டில் இறக்கலாம். இல்லைன்னா ஆர்கோ மிதவை. தானாவே 2,000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை அளந்துக்கிட்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குத் தரவு அனுப்புற குழாய். இப்போ வர்ற சிலதில் ஆக்ஸிஜன், நைட்ரேட், பச்சையம் அளக்கிற சென்சாரும் இருக்கு. பனி இருந்தா மேலே வரும்போது முட்டி உடைஞ்சிடுமே? அதுக்கு ஜெர்மன் குழு அண்டார்டிக் கடலுக்காக எழுதின விதி என்னைச் சிரிக்கவும் வச்சுது, கை தட்டவும் வச்சுது. 50 மீட்டரில் இருந்து 20 மீட்டர் வரை வெப்பநிலையின் இடைநிலை அளவைப் பார். மைனஸ் 1.79 டிகிரிக்குக் கீழேன்னா மேலே பனி இருக்கும், திரும்பிப் போ, தரவைச் சேமிச்சு வை, அடுத்த முறை அனுப்பு. ஒரே ஒரு இஃப் கண்டிஷன். ஒரு முழுக் குளிர்காலத் தரவை அது காப்பாத்துது.

அளவு தப்பினா யாருக்கு என்ன?

இவ்வளவு மெனக்கெடணுமா? ஏதோ கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய இருந்தா என்னன்னு தோணலாம். இங்கே எவ்வளவுங்கிறதோட எப்போங்கிறதும் சேர்ந்து வருது.

ஆர்க்டிக்கில் கலானஸ் கிளேசியாலிஸ்னு ஒரு கோபிபாட். உடம்பில் பெரும்பகுதி கொழுப்பு. துருவக் காட் மீனுக்கும் கடற்பறவைக்கும் அதுதான் தீனி. ஸ்வால்பார்டில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒண்ணு இதன் காலண்டரைக் காட்டுச்சு. பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வளர்ற பாசி முதலில் வரும். அதைத் தின்னு பெண் முட்டையிடும். சுமார் ரெண்டு மாசம் கழிச்சு, பனி உடைஞ்சதும், தண்ணிக்குள்ள பெரிய பெருக்கம் வரும். முட்டையில் இருந்து வந்த குஞ்சுகள் அதைத் தின்னு வளரும். தாய்க்கு ஒரு விருந்து, பிள்ளைக்கு ஒரு விருந்து.

பனி சீக்கிரம் உடைஞ்சா ரெண்டு விருந்துக்கும் இடைவெளி குறையும். குஞ்சு வாய் திறக்கிற நேரத்தில் பந்தி முடிஞ்சிருக்கலாம். அந்த வருஷ மொத்த விளைச்சல் செயற்கைக்கோள் கணக்கில் கூடியே இருந்தாலும், மீனுக்குப் போய்ச் சேர்றது குறையலாம். மொத்தக் கூட்டுத்தொகை நல்லா இருக்கு, ஆனா சிஸ்டம் டவுன். சர்வர் பார்க்கிறவங்களுக்கு இந்த நிலைமை நல்லாப் புரியும்.

நம்ம கரையிலேயே இதுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் அலை நீலமா மின்னுச்சு, எல்லாரும் ராத்திரியில் போன் எடுத்துக்கிட்டு ஓடினோமே. நாக்டிலூக்காங்கிற உயிரியின் பெருக்கம்னு சொன்னாங்க. அந்த இனத்தில் ஒரு வகை ஒளிச்சேர்க்கையே பண்ணாது, மற்ற பிளாங்டனைத் தின்கிற கூட்டம். இன்னொரு வகை உடம்புக்குள்ள பச்சைப் பாசியை வளர்த்துக்கும். கடலில் கூட்டம் தெரிஞ்சா விளைச்சல்னு அர்த்தம் இல்லை. சில நேரம் விளைச்சலைத் தின்னு தீர்க்கிற கூட்டமா இருக்கும்.

அப்போ அந்த 57?

பொய்யா? இல்லை. அந்தக் குழு ஒளிச்சு வைக்காமச் சொன்ன ஒரு விஷயம்தான் முக்கியம். முதல் பத்து வருஷத்தில் உற்பத்தி கூடினதுக்குப் பெரும்பாலும் காரணம், பனி விலகி வயல் பெருசானது. அதுக்கப்புறம் பனி குறையிற வேகம் தணிஞ்சது, ஆனா உற்பத்தி கூடிக்கிட்டே இருக்கு. காரணம், அதே தண்ணியில் பிளாங்டன் அடர்த்தியானது. அப்படின்னா எங்கேயோ இருந்து புது உரம் வருது. குடோனுக்கு நூல் வந்துக்கிட்டு இருக்கு. எங்கிருந்து, எத்தனை நாளைக்குங்கிறதை மேலே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உப்பும் நைட்ரேட்டும் வருஷம் முழுக்க அளந்தாத்தான் தெரியும்.

இன்னொண்ணும் மனசில் வைங்க. 1998-ல் பனிக்கு அடியில் விளைஞ்சது அந்தக் கணக்கில் வரலை, செயற்கைக்கோளுக்குத் தெரியாதே. அதே இடத்தில் இன்னைக்குப் பனி இல்லைன்னா, இன்னைக்கு விளையறது கணக்கில் வருது. கூடினதில் ஒரு பங்கு, முன்னாடியும் இருந்து கண்ணில் படாததா இருக்கலாம்.

அதனால் அடுத்த தடவை பச்சை பச்சையா ஒரு கடல் வரைபடம் உங்க ஃபீடில் வந்தா மூணு கேள்வி கேளுங்க. இது இருப்பா, உற்பத்தியா? எந்த ஆழம் வரை, பனிக்கு அடியில் சேர்த்தா, சேர்க்காமலா? மொத்தம் சொல்றாங்களே, தேதி சொல்றாங்களா? இந்த மூணுக்கும் பதில் இருந்தா அந்த வரைபடத்தை நம்பிப் பகிரலாம்.

அடுத்த எபிசோட், ஆர்கோ மிதவைக்குள்ள இருக்கிற பேட்டரி பற்றி. பல வருஷம் சார்ஜ் போடாம ஓடுற ஒரு கருவியை எப்படி வடிவமைக்கிறாங்கன்னு பார்க்கலாம். கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, எடுத்துச் சேர்த்துக்கிறேன்.